இருபதடி தூரத்துப் புதுநன்மை

போட்டோ எடுக்கும் தொழிலில், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாரும் பார்ப்பது கையில் இருக்கும் கருவியைத்தான். மயிலாப்பூரில் ஆறு வருடமாக வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறேன், போனில். அதில் மூன்று வருடம் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே போய்விட்டது. என்னைப் போலக் கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

சந்தனக் கிண்ணம்

அடையாறில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை, எதிரே ஆசாரி. நல்ல கோணம் வேண்டுமே என்று ஆசாரியின் தோளை ஒட்டி மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பத்துப் பேர் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்த பெரியப்பா ஒருவர், சந்தனக் கிண்ணத்தை என்னிடம் தந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

படம் எடுக்க வந்தவள் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் ஒரு காது முடிந்திருந்தது. மறு காதையாவது பிடித்துவிட வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தால், பெரியப்பா தோளைத் தட்டினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா, போட்டோகிராபர் வந்தா அவருக்கு எடம் வேணும்ல."

மச்சம்

மாடவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில், பெண்ணுக்கு வரன் பார்க்கப் படம் கேட்டார்கள். மேலுதட்டுக்கு மேலே அழகான ஒரு மச்சம் அந்தப் பெண்ணுக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, சிரிக்க வைத்து, நாற்பது படம் எடுத்தேன். அழகு கூட்டும் வசதி போனில் தானாகவே ஓடிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மச்சத்தை அது கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டது.

படம் இரண்டு வீடுகளுக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் முகத்தில் உனக்கு என்ன குறை தெரிந்தது என்று அந்தப் பெண் என்னிடம் சண்டைக்கு வந்தாள். அவள் கோபம் நியாயம். அவளுடைய அம்மா சண்டை போடவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படம் நன்னாத்தான் இருக்கு ஸ்டெல்லா. ஆனா இந்தப் பொண்ணு எங்காத்துல இல்லையே."

இருபதடி

குழந்தைகள் முதன்முதலாக நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்குவதைப் புதுநன்மை என்போம். எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசைப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறும், இரண்டு வாரம் கழித்து ஆங்கிலப் பூசைப் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிறும் வைப்பார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாது. நான் நிற்க வேண்டிய தூணிலிருந்து இருபதடி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டே நொடி.

தமிழ்ப் பூசையன்று போனில் முடிந்த மட்டும் பெரிதாக்கி எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் முகம் களிமண்ணில் பிடித்த மாதிரி இருந்தது. எது யார் பிள்ளை என்று பெற்றவர்களுக்கே தெரியாது. அவமானத்தில் அழுதுவிட்டேன். மறுநாள் துணிந்து பங்குச் சாமியாரிடம் போய், படத்துக்காக மட்டும் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"இன்னொரு தடவ குடுத்தா அது புதுநன்மை இல்லம்மா. போய் அடுத்த பூசைக்காவது ஒழுங்கா தயார் பண்ணு."

வடபழனி

அன்றே முடிவு செய்தேன்; வியாழக்கிழமைதான் கிளம்ப முடிந்தது. தி. நகர் கடையில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் டி.எஸ்.எல்.ஆர். யார் வாங்குகிறார்கள், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்று புது வகை வந்துவிட்டது என்று அரை மணி நேரம் பேசி, இருந்த தெளிவையும் கலக்கிவிட்டார்கள். நேரே வடபழனி போனேன். அங்கே சினிமாக்காரர்களுக்குக் கேமரா வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், எத்தனை அடி தூரத்திலிருந்து எடுப்பேன், உள்ளே வெளிச்சம் எப்படி என்று மட்டும் கேட்டார். மூன்று வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றையும் நீளமான லென்ஸ் ஒன்றையும் எடுத்து வைத்தார். வாங்கிவிடட்டுமா என்றேன்.

"இப்ப இன்னா அவசரம் மேடம்? பத்து நாள் கழுத்துல மாட்டிக்கினு சுத்துங்க, அப்பால கயட்டி வெக்க மனசு வர்லன்னா வாங்குங்க."

ஆங்கிலப் பூசை

பத்து நாளும் சுற்றினேன். காலையில் கோயிலில் ஆளில்லாதபோது தூணருகே நின்று, பீடத்தின் மெழுகுவர்த்தியைக் குறி வைத்துப் பழகினேன். முதல் இரண்டு நாள் எல்லாம் மங்கல். விடவில்லை. மூன்றாம் நாள் திரி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்தெட்டும் கிடைத்தன. கண் மூடியிருந்த ஒரு பையனின் இமை மயிரை எண்ணலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூசை முடிந்ததும் முதல் வேலையாக அதை அவன் அம்மாவிடம் காட்டினேன். அவர் கேமராவைக் கையில் வாங்கி, நீட்டியிருந்த நாக்கைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"காலைல பல்லு வெளக்கிட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணான், படவா."

அன்று சாயங்காலமே வடபழனி போய் அந்தக் கேமராவையே விலைக்கு வாங்கிவிட்டேன்; இனிமேல் படம் கெட்டால் போனைத் திட்ட முடியாது, என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் இதில் நஷ்டம்.