இரைப்பை போன பிறகு பிரேக்கக்கா

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்தது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அங்கே அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சிவப்பு விளக்கைப் பார்த்தும் பாராமல் போகிறவன், பின்னால் வரும் லாரியை மறந்துவிட்டு வளைக்கிறவள், இப்படி எத்தனையோ பேரை அவள் கால் காப்பாற்றியிருக்கிறது. அதனால் அவள் பிரேக்கக்கா. வீட்டில் புருஷனும் அதையே கொஞ்சம் மாற்றி, "பிரேக்கம்மா, டீ ஆறுது" என்பார். அவர் பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அந்த அளவுதான்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளைச் சொல்வார்கள். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்குவதற்குள், வண்டியின் பானட்டில் சாய்ந்து நின்றபடியே ஒரு பன்னை நாலு கடியில் முடித்துவிடுவாள். அப்படித்தான் ஒரு நாள் பன் நெஞ்சுக்குழியில் நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினாள். அடுத்த வாரம் தண்ணீருக்கும் அது மசியவில்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் கட்டி என்றார். புற்றுநோய். இரண்டு மாதம் மருந்து ஏற்றினார்கள். பிறகு ஏழு மணி நேர அறுவை சிகிச்சை.

கண் விழித்த மூன்றாம் நாள் சர்ஜன் கட்டிலருகே வந்து நின்று கணக்குச் சொன்னார்.

"இரைப்பை முழுசா எடுத்தாச்சும்மா. உணவுக்குழாய்ல கீழ்ப்பக்கம் கொஞ்சம் எடுத்தாச்சு. சிறுகுடலை மேல இழுத்து அதோட சேர்த்துத் தைச்சிருக்கோம்."

"அப்ப சாப்பாடு எங்க போய் நிக்கும் டாக்டர்?"

"எங்கயும் நிக்காது. நேரா குடல்தான்."

"நடுவுல ஸ்டாப்பே இல்லாத பஸ்ஸுன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்ததில் தையல் சுண்டி இழுத்துக் கண்ணில் நீர் முட்டியது.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் புருஷன் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். இனி மட்டமாகப் படுக்கக் கூடாது. படுத்தால் குடலில் இருக்கும் பித்தநீர் தொண்டைக்கு ஏறி நெருப்பாக எரிக்கும். வலது பக்கம் சாய்ந்தால் தையல், இடது பக்கம் சாய்ந்தால் குழாய். வயிற்றின் இடது ஓரத்தில் துளை போட்டுக் குடலுக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செருகியிருந்தார்கள். வாய் வழியாகப் போதுமான அளவு சாப்பிடப் பழகும்வரை, அந்தக் குழாய் வழியாக ஒரு சின்னப் பம்ப் திரவ உணவை ஏற்றும். மாலை ஆறு மணிக்கு மாட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் கழற்ற வேண்டும்.

முதல் நாளே அவள் குழாயின் நீளத்தை அளந்துவிட்டாள். குளியலறைவரை எட்டியது. ஜன்னல்வரை எட்டியது. பால்கனிக் கதவுக்கு ஒரு முழம் குறைந்தது.

"வயரா இருந்தா நான் நீட்டிடுவேன்" என்றார் புருஷன், குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தபடி.

அவளைப் பார்த்துக்கொள்ளப் புருஷனின் அக்கா வந்து சேர்ந்தார். அவளுக்கு அண்ணி முறை. பள்ளி விடுதியில் முப்பது வருஷம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியை இறக்கி வைத்த கையோடு சுவரில் ஒரு தாளை ஒட்டினார். ஏழு மணி, ஒன்பது, பதினொன்று என்று நாளைக்கு எட்டு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் இவ்வளவு என்று அளவும். ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதுதான்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நன்றாக மென்று. ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அது யோசனை. அண்ணி எழுதி ஒட்டியதும் சட்டமாகிவிட்டது.

பசி என்ற ஒன்று பிரேக்கக்காவுக்கு அடியோடு போயிருந்தது. மணி அடித்தால் வாயைத் திறக்க வேண்டும். பாதி முட்டை. மசித்த உருளைக்கிழங்கு மூன்று ஸ்பூன். நாலாவது ஸ்பூனுக்குள் கழுத்துவரை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

"இன்னும் ஒரே ஒரு வாய். எனக்காக."

"அண்ணி, இடம் இல்ல."

"ஒரு வாய்க்கு என்ன பெரிய இடம் வேணும்? கண்ணாடில பார்த்தியா உன்ன? காத்தடிச்சா பறந்துடுவ."

கண்ணாடியில் அவள் பார்க்காமல் இல்லை. பதினான்கு கிலோ இறங்கியிருந்தது. கைக்கடிகாரம் முழங்கைவரை ஓடிற்று.

உடம்பில் தெம்பு ஏற்றவேண்டுமென்று அண்ணி ஒரு காலையில் பெரிய டம்ளர் நிறையப் பாலில் சர்க்கரையும் தேனும் கலந்து கொடுத்தார். ருசியாக இருந்ததால் அவளும் மடமடவென்று குடித்துவிட்டாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கண் இருட்டி, வயிறு முறுக்கி, குளியலறைக்கு ஓடக்கூடத் தெம்பில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டார்.

எதிர்முனையில் நர்ஸ் நிதானமாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. சாய்ச்சுப் படுக்க வைங்க, அரை மணில அடங்கிடும். முன்னாடி இரைப்பை எல்லாத்தையும் பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும். இப்ப அது இல்ல. சர்க்கரை மொத்தமா குடலுக்குள்ள கொட்டுது. இனிப்பான பானமே வேணாம். சாப்பிடும்போது தண்ணியும் வேணாம், அரை மணி கழிச்சுக் குடுங்க."

அரை மணியில் அடங்கத்தான் செய்தது. ஆனால் அண்ணிக்கு அடங்கவில்லை. அன்றிலிருந்து காவல் இரட்டிப்பானது. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது. படியிறங்கக் கூடாது. "வழியில மயங்கி விழுந்தா யாரு தூக்குவா?" என்று கேட்டுவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் கடைக்கே போவார்.

பிரேக்கக்கா ஜன்னலோரம் சாய்ந்து கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தே காலுக்குப் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் முனையில் திரும்பும். அவள் இடத்தில் வேறொருவர். ஓட்டுகிறவன் கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியைக் குலுக்குவான். "மெதுவா விடுடா" என்று இரண்டாம் மாடியில் இருந்தபடி முணுமுணுப்பாள். கார் போய்விடும். பதினோரு மணி வேளைக்கு அண்ணி தட்டோடு வந்து நிற்பார்.

ஏழாவது வாரம் வயிற்றுக் குழாயை எடுத்தார்கள். அன்றைக்கு மாலை பால்கனிக்குப் போய் அரை மணி நேரம் நின்றாள். இனி ஏறுமுகம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், மூன்றாம் மாதத்தில் அந்த உருளைக்கிழங்குத் துண்டு சிக்கும்வரை.

சிக்கிய இடம் பழைய இடம். பன் நின்ற அதே நெஞ்சுக்குழி.

அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் ரொட்டி நின்றது. அதற்கடுத்த நாள் முட்டை. எச்சிலும் நுரையுமாக மேலே வந்ததைத் துண்டில் துப்பி, துண்டைத் தானே அலசிப் போட்டாள். திரும்ப வந்துவிட்டது என்று அவளுக்குள் முடிவாகிவிட்டது. சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மருந்து, மறுபடி அந்தப் பம்ப். புருஷன் முகத்தைப் பார்த்தாள். ராத்தூக்கம் இல்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எந்த வாயால் சொல்வது? அதுவரை வீடுதான் சிறை. இப்போது அதற்குள் இன்னொரு அறையைத் தானே கட்டிக்கொண்டு, உள்ளிருந்து தாழும் போட்டுக்கொண்டாள்.

திரவமாக வந்ததை மட்டும் விழுங்கினாள். கெட்டியானதை அண்ணி முகம் திரும்பும் நேரம் பார்த்துக் காகிதத்தில் மடித்தாள். "சாப்டியா?" "சாப்டேன்." "முழுசா?" "முழுசா அண்ணி." நாளைக்கு எட்டுப் பொய். மூன்று வாரம் தள்ளிவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

ஒரு மத்தியானம் படுக்கை மாற்ற வந்த அண்ணி, தலையணை உறைக்குள் கையை விட்டார். காகிதப் பொட்டலம் ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. நாலு பொட்டலத்தையும் கட்டில்மேல் வரிசையாக வைத்தார்.

"முப்பது வருஷம், பிள்ளைங்க தலையணைக்குள்ள ரொட்டிய ஒளிச்சு வைக்கறதைப் பார்த்தவ நான். அதுங்க பசிக்கும்னு ஒளிச்சு வைக்கும். நீ எதுக்கு வச்ச?"

திட்டு விழும் என்று எதிர்பார்த்தவளுக்கு அந்தக் குரல் தாங்கவில்லை.

"இறங்கல அண்ணி. நெஞ்சுலயே நிக்குது. திரும்ப வந்துடுச்சு."

"யார் சொன்னா?"

"எனக்கே தெரியுதே."

"உன் கண்ணுல என்ன ஸ்கேன் மிஷினா வச்சிருக்கு?" என்றார் அண்ணி. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க தம்பிகிட்ட சொல்லாதீங்க."

"அவன் மூணு வாரமா என்கிட்ட கேக்கறான், அவ ஏன்க்கா பேசமாட்டேங்கறான்னு. நான் வெந்நீர் வைக்கிற சாக்குல அடுப்படில நின்னு அழறேன். நீ இங்க அழற. அவன் கடைல அழறான். ஒரே வீட்டுல மூணு பேரு தனித்தனியா!"

பிரேக்கக்கா அப்போதுதான் வெடித்தாள். அறுவைக்குப் பிறகு அவள் குரல் இவ்வளவு உயர்ந்ததில்லை. "நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க மணியடிச்சா வாயத் தொறக்கணும், கதவப் பூட்டிட்டுப் போவீங்க. எனக்கு ஒரு மனுஷி மாதிரி மூச்சு விட இடமில்ல. இது ஆஸ்பத்திரியும் இல்ல, ஹாஸ்டலும் இல்ல அண்ணி!"

அண்ணி பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு பயம்மா. வேற என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார்.

சாயங்காலம் புருஷனுக்கு விஷயம் தெரிந்தது. அவர் போனை எடுத்து நர்ஸிடம் பேசி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்தார்.

"ஏம்மா, மூணு வாரம் ஏன் சொல்லாம இருந்தீங்க?" என்றார் நர்ஸ். "தைச்ச இடத்துல தழும்பு சுருங்கி, வழி குறுகியிருக்கும். நிறைய பேருக்கு இப்படி வரும். அதா, வேற ஏதாவதான்னு பார்த்தாதான் தெரியும். நாளைக்கே வாங்க."

மறுநாள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தழும்புதான். பேனாவின் ரீஃபில் நுழையும் அளவுக்கே வழி இருந்ததாம். ஒரு சின்னப் பலூனை உள்ளே ஊதி விரித்துவிட்டார்கள். அன்று மாலை அரை முட்டை கீழே இறங்கியது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவர், "இறங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பால்கனிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை குறுகியது, இரண்டு தடவை விரித்தார்கள்.

அண்ணி சுவர்த்தாளைக் கிழிக்கவில்லை. ஆனால் அளவு எழுதிய இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டு, "முடிந்தவரை" என்று எழுதினார். பிரேக்கக்கா முதல்முறை தனியாகப் படியிறங்கியபோது அண்ணி பால்கனியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, உள்ள வா" என்று தம்பி கூப்பிட்டும் வரவில்லை. பிரேக்கக்கா தெருமுனைவரை போனாள். திரும்பி வரும்போது பாதி வழியில் கால் துவண்டு, ஒரு கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். மேலே கை காட்டினாள். அண்ணி இறங்கி ஓடி வராமல் இருக்கப் பட்ட பாடு அங்கிருந்தே தெரிந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏற்ற வேண்டியிருந்த மீதி மருந்தும் ஏற்றி முடிந்து, ஒன்பதாவது மாதம் டாக்டர் சம்மதித்த பிறகு, நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வேலைக்குப் போனாள். இழந்த எடையில் மூன்று கிலோதான் திரும்பியது. இனி இப்படித்தான் நிற்கும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு வைட்டமின் பி-12 ஊசி, ஆயுளுக்கும். ஸ்கேன் இப்போதைக்குச் சுத்தம். இப்போதைக்கு என்ற வார்த்தையை டாக்டர் விழுங்கவில்லை, அவளும் கேட்காத மாதிரி இருக்கவில்லை. சாய்ந்துதான் தூங்குகிறாள். வெளியே கிளம்பினால் பையில் நாலு சின்ன டப்பா. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத தெருவுக்கு வகுப்பைத் திருப்புவதில்லை.

முதல் வாரத்து மாணவி ஒரு மருந்துக் கடைக்காரி, ஐம்பது வயதுக்காரி. ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். வகுப்புக்கு முன்னால் அவசரத்தில் பிரேக்கக்கா வாழைப்பழத்தை முழுசாகத் தின்றிருந்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. நெற்றியில் வேர்வை அரும்பியது.

"ஓரமா நிறுத்துங்க. சிக்னல் போட்டுட்டு, கண்ணாடி பார்த்துட்டு. அவசரம் இல்ல."

மருந்துக் கடைக்காரி தட்டுத்தடுமாறி நிறுத்தினாள். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"நீங்க நல்லாதான் ஓட்டுனீங்க. நான்தான் தப்பா சாப்பிட்டேன்." இருக்கையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். வண்டிகள் உரசுகிற மாதிரி பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. கார் லேசாக ஆடியது.

பத்து நிமிஷம் போயிருக்கும்.

"கிளம்பலாமா மேடம்?"

"இருங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இன்னும் ஒரு பத்து நிமிஷம்."