ஜலீல் வாங்கிய சிவப்பு வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு டீ குடித்தேன். நல்ல டீதான். ஆனால் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. காரணம், கடை வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்ற ஒரு மோட்டார் சைக்கிள். சின்ன வண்டி, சிவப்பு டேங்க், மெல்லிய ஹேண்டில் பார். என்னுடையது இல்லை.

வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது?

அந்த வண்டியை எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். செங்கல்பட்டில் ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் ஒரு ஷோரூம் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. அதன் எடை, கியர், எத்தனை சொட்டு ஆயிலைப் பெட்ரோலில் கலக்க வேண்டும் — எல்லாம் எனக்கு மனப்பாடம். வாங்குவதற்கு மட்டும் இன்னும் வேளை வரவில்லை. தங்கை கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது... உங்களுக்குத் தெரியாததா?

இந்த நிலைமையில்தான் இரண்டு மாதத்துக்கு முன்பு ஜலீல் வந்தான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன். இப்போது புதுப்பட்டினத்தில் மளிகைக் கடை. கல்பாக்கம் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு வீடு வீடாகப் போய் ஆர்டர் எடுத்து, சாமானைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இதுவரை சைக்கிளில்.

"மச்சான், வண்டி ஒண்ணு வாங்கலாம்னு கீறேன். எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்றதுதான்."

அவன் கண்ணில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, குவார்ட்டர்ஸில் மாற்றலாகிப் போகும் ஒரு என்ஜினியருடைய பெரிய வண்டி. முந்நூற்றைம்பது சிசி. இன்னொன்று... ஆமாம், என்னுடைய சிவப்பு வண்டி.

ஜலீல் உயரம் என் தோள் வரைக்கும்தான் வரும். ஆளும் ஒல்லி. யாரோ ஒருவர் வண்டியில் ஒரு வாரம் கியர் போடப் பழகியதுதான் அவனுடைய மொத்த அனுபவம். இப்படிப்பட்டவனுக்கு என்ன வண்டி? உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். கிளட்ச் கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும். நம் பக்கத்து ரோட்டில் காற்று அடித்தால் பாதி ரோடு மணல். அதில் தடுமாறினால் பிடித்து நிறுத்துகிற எடை இருக்க வேண்டும். பதில் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது.

நான் சொன்னது இது:

"பெரிய வண்டி வாங்குடா. சின்னது பொம்பள வண்டி மாதிரி இருக்கும். கடைக்காரன், நாலு பேர் மதிக்க வேணாமா?"

ஏன் சொன்னேன்? அவன் அந்தச் சிவப்பு வண்டியில் என் கண் முன்னால் போய்விடக் கூடாது. அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதீர்கள்.

அவன் தலையாட்டினான். நான் சொன்னால் அவனுக்குச் சரி. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு என்ஜினியர் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஜலீல் ஓட்ட, பின்னால் நான். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் எதிரே பஸ். பயந்து ஓரம் கட்டினான். ஓரத்தில் மணல். காலை ஊன்றப் பார்த்தான். விரல் நுனிதான் எட்டியது. வண்டி சாய ஆரம்பித்ததும் நான் குதித்துவிட்டேன். அது அவன் மேல் விழுந்தது.

நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிய பிறகுதான் ஜலீல் காலை உருவினான். சைலென்சர் பட்டு கெண்டைக்காலில் உள்ளங்கை அளவுக்குத் தோல் வழன்றிருந்தது.

"என் மேலதான் தப்பு மச்சான்," என்றான். "எனக்குத் தெம்பு பத்தல."

வாசகர்களே, அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "பழகப் பழக சரியாப்பூடும்டா."

வீட்டில் ஷம்ஷாத், அவன் மனைவி, காலைப் பார்த்தாள். கத்தவில்லை. மருந்து போட்டுக்கொண்டே விசாரித்தாள்.

"வண்டிய யாரு தூக்குனது?"

"ரெண்டு பேரு வல காயப்போட்டுகினு இருந்தாங்க. அவங்கதான்," என்றான் ஜலீல்.

"நீங்க தூக்கலியா?"

"என்னால ஆவல."

"அப்ப அது உங்க வண்டி இல்ல."

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, கருவாட்டு வியாபாரி. சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு செங்கல்பட்டு சந்தைக்குப் போனவர். அந்த வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டாம். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் லோடு கட்டியதும் சைக்கிளை மணலில் படுக்கப் போட வேண்டும். தனி ஆளாகத் தூக்கி நிறுத்த வேண்டும். முடியவில்லையா, கூடையில் பாதியை இறக்கு. வழியில் விழுந்தால் கைகொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் கணக்கு.

"எந்த வண்டின்னாலும் இவரு படுக்க வெச்சித் தூக்கிக் காட்டட்டும். அப்பறம் வாங்கலாம்," என்றாள். சொல்லும்போது ஜலீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

புண் ஆறியதும் மூவரும் செங்கல்பட்டு ஷோரூமுக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் சேல்ஸ்மேன் என்னைப் பார்த்து மலர்ந்தார்.

"சார், கடைசியில முடிவு பண்ணிட்டீங்களா?"

இரண்டு வருஷமாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவனை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? "எனக்கில்ல, இவருக்கு," என்று ஜலீலை முன்னால் தள்ளினேன்.

புது வண்டியைத் தரையில் படுக்கப்போட வேண்டும் என்றதும் அந்த மனிதர் ஆடிப்போனார். "இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்து பல்ல எண்ணுற மாதிரி?" என்றார். ஷம்ஷாத் அசையவில்லை. கடைசியில் நாலு கோணிப்பையை விரித்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார்கள். ஜலீல் குனிந்தான். ஹேண்டில் பாரை ஒரு கை, சீட்டை ஒரு கை. மூச்சைப் பிடித்தான். வண்டி எழுந்து நின்றது.

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் கைதட்டினேன். தட்டிய கை இரண்டும் எனக்கே பிடிக்கவில்லை.

ஆகவே, போன ஞாயிறு. அவர்கள் இருவரும் புது வண்டியில் மாமல்லபுரம் வந்தார்கள். நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். சிற்பக் கூடத்துக்காரர்கள், டீக்கடைக்காரர், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் ஜலீல் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான்.

"நம்ம மச்சான், கூட நின்னு பாத்து எடுத்துக் குடுத்தது. வண்டி விஷயத்துல அவன அடிச்சிக்க ஆள் கிடையாது."

எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். இப்போது தெரிகிறதா, டீ ஏன் இறங்கவில்லை என்று?

ஜலீல் யாருக்கோ வண்டியின் கியரைக் காட்டப் போனான். பெஞ்சில் நானும் ஷம்ஷாத்தும். அவள் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அண்ணே, அந்தப் பெரிய வண்டி அவருக்கு ஆவாதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும் இல்ல?"

நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

"அவரு கிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்கள கூடப் பொறந்தவனாட்டம் நெனச்சிகினு கீறாரு. ஓட்டணும்னு ஆசையா இருந்தா வூட்டுக்கு வந்து கேளுங்கண்ணே. எப்ப வேணா எடுத்துகினு போங்க. அதுக்காவ அவரு கால உடைக்காதீங்க."

அதற்குள் ஜலீல் திரும்பி வந்து, எதுவும் தெரியாமல், சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா மச்சான்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மானமுள்ளவன் என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பான். நான் போனேன். கடற்கரைக் கோயில் வரை போய், ஆசை அடங்காமல் இன்னொரு ரவுண்டும் போனேன்.

புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. இந்த ஒரு வரியை அவனிடம் முதல் நாளே சொல்லியிருந்தால், அவன் காலில் அந்தத் தழும்பு இருந்திருக்காது.