உப்புமாவுக்குச் சண்டை போடாத நாள்

ஒரே விமானத்தை ஓட்டும் இரண்டு பைலட்டுகள் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது. ஒருவர் சாப்பிட்டது கெட்டுப்போயிருந்தாலும் இன்னொருவர் வயிறு தப்பித்து விமானத்தை இறக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கல்யாணமான புதிதில் என் கணவர் இதை ராணுவ ரகசியம் மாதிரி என்னிடம் சொன்னார். மந்தைவெளியில் எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். நான் புதிதாக எதையாவது சமைத்துவிட்டால், "நீ மொதல்ல சாப்பிடு, நான் அரை மணி கழிச்சு சாப்பிடறேன். ஆத்துல ஒருத்தராவது தெளிவா இருக்கணும்" என்பார். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற என்னிடமே பரிசோதனை.

விமானத்தில் இரண்டு டப்பா வரும். முதலில் எடுப்பது கேப்டன், மிச்சம் கோ-பைலட்டுக்கு. இவர் கேப்டன். உலகத்தில் உப்புமாவுக்காகச் சண்டை போடும் ஒரே மனிதரும் இவர்தான் என்று நினைக்கிறேன். காலை விமானத்தில் உப்புமா ஏற்றவில்லை என்றால் வீட்டுக்கு வந்தும் புலம்பல் ஓயாது. கோ-பைலட் யாராவது தெரியாமல் அந்த டப்பாவில் கை வைத்துவிட்டால் சீட் பெல்ட்டோடு பாய்ந்து பிடுங்குவார் என்று அவரோடு பறக்கிற பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அந்தச் சண்டைக்கு இன்றைக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடத் தயார்.

பைலட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு பயம் தெரியும். அவ்வப்போது மெடிக்கல் என்று ஒரு உடல் பரிசோதனை வரும். அதில் தேறாவிட்டால் லைசென்ஸ் பெட்டிக்குள் போய்விடும், ஆள் வீட்டுக்குள் வந்துவிடுவார். அதனால் டாக்டர் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் ஆகாது. இருமல் வந்தால்கூட குழாயைத் திறந்துவிட்டு இருமுகிற ஆள் இவர். என் அக்காவிடம் போனில், "அவர் சரியாவே தூங்கறதில்லைடி" என்று நான் சொல்லிவிட்டால், கூடத்திலிருந்து கையை ஆட்டி நிறுத்தச் சொல்வார். யாரோ ஒட்டுக்கேட்டுக் கம்பெனிக்குச் சொல்லிவிடப் போகிற மாதிரி நானும் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வருஷம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். இதுதான் காரணம் என்று விரலை நீட்ட ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, கடன் இல்லை, யாரும் தவறிப்போகவில்லை. நியூஸ் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். விடியற்காலை டியூட்டி அதிகம், வயசும் ஆகிறது, வேறென்ன என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சில நாள், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று எரிந்தும் விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கோ வெளிநாட்டில் ஒரு விமானம் விழுந்தது. எந்திரத்தில் கோளாறு இல்லை, ஓட்டியவரே வேண்டுமென்று விழ வைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அந்த பைலட்டின் மனைவி கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு காரில் ஏறுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இவர் எழுந்து வந்து டிவியை அணைத்தார்.

அந்த வாரமே மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் மாமா ஒருவர் நாலு வரிசை தள்ளியிருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார். "ஏண்டாப்பா, உன் பக்கத்துல உக்காந்துண்டிருக்கறவன் இப்படிப் பண்ணினா நீ என்ன பண்ணுவே?"

பக்கத்து இலை அத்தை விடவில்லை. "ஆம்படையாளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஒரே ஆத்துல இருந்துண்டு?"

இவர் சிரித்தார். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். மாமாவின் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து நானும் மாமாவை முறைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். வாசல் மணி அடித்தது. திறந்தால் இவர், பக்கத்தில் யூனிஃபார்மோடு ஒரு பெண். அவரோடு அடிக்கடி பறக்கிற கோ-பைலட். சைதாப்பேட்டைப் பெண், மார்க்கெட் பக்கம் வீடு. அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை ஒரு விருந்தில் பார்த்திருக்கிறேன். இவருடைய பெட்டியை அவள் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. கேப்டன் தன் பெட்டியை யாரையும் தொட விடமாட்டார்.

"உள்ள வரலாமா மேடம்?" என்றாள். உட்கார்ந்ததும் இவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டுமா?" என்றாள்.

இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு நான் பறக்கப் போறதில்லை" என்றார். அப்புறம், "ரொம்ப நாளா செத்துப்போயிடலாம்னு தோணிண்டே இருக்கு. இத்தனை நாள் கீழ இருக்கறச்சேதான் தோணித்து. இன்னிக்கு மேல இருக்கறச்சே தோணித்து" என்றார்.

மேலே என்றால் அவர் மட்டும் இல்லை. இந்தப் பெண், பின்னால் குழந்தையும் குட்டியுமாக ஒரு விமானம் நிறைய ஜனங்கள். ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது வேறு. "இது வெளில தெரிஞ்சா இவர் லைசென்ஸ் என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?" என்று அவளைக் கேட்டேன். பைலட் பெண்டாட்டிகளால் மட்டும்தான் இப்படி ஒரு கேள்வியை அந்த நேரத்தில் கேட்க முடியும்.

அவள் கோபப்படவில்லை. "தெரியும் மேடம். என்கிட்டயும் அதே லைசென்ஸ்தான் கீது. அந்த பயத்துலதான் யாருமே யாரையும் கேக்கறதில்ல. லைசென்ஸ் போனா கால் டாக்ஸி ஓட்டலாம். சார் போனா இன்னா பண்றது?"

இவர் சோபாவில் உட்கார்ந்து அழுதார். இருபது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் கம்பெனிக்குப் போன் செய்து நாளைக்கு அன்ஃபிட் என்று சொல்கிறவரை அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்ததும், "சாரை இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டினு போங்க மேடம். தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடந்ததை அவள் எனக்குப் பிறகுதான் சொன்னாள். அன்றைக்குக் காலை விமானத்தில் இரண்டு டப்பா வந்தபோது, எது வேண்டும் சார் என்று கேட்டிருக்கிறாள். "எதுவானாலும் சரி" என்றாராம். முந்தைய தடவையும் அதே பதில். வேண்டுமென்றே உப்புமாவை எடுத்துப் பிரித்து அவர் கண் முன்னால் சாப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பவே சார் சரியில்லன்னு தெரிஞ்சுபோச்சு மேடம்" என்றாள். அதற்கப்புறம் இறங்குகிறவரை அவரைத் தனியே விட்டு அவள் ஒரு வாய் தண்ணீருக்குக்கூட எழுந்து போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேருக்கும் கம்பெனி வண்டி ஒன்றுதான். வழியில் அவள் நேராகவே கேட்டுவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார். செத்துரலாம்னு எதுனா தோணுதா?" இவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வந்தது, தாண்டியது. அவள் இறங்க வேண்டிய இடமும் வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். அவள், "நேரா மந்தைவெளி போங்கண்ணா" என்றாள்.

நான் தினமும் நன்றி சொல்வது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அவள் இறங்கிப் போயிருக்கலாம். விடியற்காலையிலிருந்து வேலை பார்த்த களைப்பு, வீட்டில் சாப்பாடு காத்திருக்கிறது, சீனியர் கேப்டனின் சொந்த விஷயம். இறங்கியிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அடையாறில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை, பேச்சு, நடை, மறுபடி பேச்சு. கம்பெனிக்கும் தன் நிலைமையை இவரே எழுதிக்கொடுத்துவிட்டார். முதல் மாதங்கள் நரகம், அதில் பூசி மெழுக ஒன்றும் இல்லை. கூடப் பறந்தவர்களில் சிலர் போனை எடுக்கவில்லை. ஒட்டிக்கொள்கிற வியாதி என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் வேறு சிலர் வீடு தேடி வந்தார்கள். காபி குடிப்பார்கள், கிரிக்கெட் பேசுவார்கள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க டாக்டர் நம்பர் குடுங்க, ஒரு ஃப்ரெண்டுக்கு வேணும்" என்பார்கள். எந்த ஃப்ரெண்டு என்று நாங்கள் கேட்பதில்லை. நம்பரைக் கொடுப்போம்.

இப்போது இவர் சிமுலேட்டரில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தரையை விட்டு அசையாத விமானம். "எத்தனை தடவை விழுந்தாலும் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடலாம்" என்கிறார். இந்த மாதிரி கிண்டல் பண்ண வாய் வந்துவிட்டதே, அது போதும் எனக்கு. லைசென்ஸ் திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.

கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்ட அந்த வெளிநாட்டுப் பெண்ணை நான் அடிக்கடி நினைக்கிறேன். அத்தையின் கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆமாம் அத்தை, தெரியாமல் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் வித்தியாசம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான்.

போன மாதம் அவள் கேப்டன் ஆனாள். தோளில் நாலாவது கோடு ஏறியதும் அம்மாவிடம் காட்டிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், ஸ்வீட் பெட்டியோடு. டிஃபனுக்கு வேண்டுமென்றே இரண்டு விதம் பண்ணிவைத்திருந்தேன். ஒரு தட்டில் உப்புமா, ஒரு தட்டில் பூரி. மேஜையில் வைத்ததும் அவள் உப்புமா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இப்ப நான் கேப்டன் சார். ஃபர்ஸ்ட் சாய்ஸ் எனக்குத்தான்."

"அதெல்லாம் விமானத்துல. இது என் ஆத்து மேஜை" என்று இவர் தட்டின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, ரூல்ஸ் தெரியாம பேசறீங்க?"

அவள் இழுத்தாள். இவர் விடவில்லை. உப்புமா பாதி மேஜைமேல் சிந்தியது. நான் துணியை எடுத்து வருகிற சாக்கில் சமையலறைக்குள் போய், நன்றாக அழுதுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதும் அவர் தட்டை விட்டிருக்கவில்லை.