மாறுவேடப் போட்டிக்கு வந்த சதுரங்கத் துரை

தொண்ணூறுகளில் குவைத்தில், அப்பாசியாவில் குடியிருந்தோம். மகள் படித்த பள்ளியில் மாறுவேடப் போட்டி என்றால் மேடை முழுக்க நேருவும் ஜான்சி ராணியும்தான். அந்த வருடம் என் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, "நம்ம பொண்ணு இங்கிலாந்து செஸ் மாஸ்டரா போகட்டும்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆள். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தத் துரைமேல் இவருக்கு அப்படி ஒரு பைத்தியம். துரை இளவயதில் நாடகத்தில் நடித்தாராம். பாரிஸுக்குப் போய் பிரெஞ்சுக்காரரை ஜெயித்தாராம். பத்திரிகையில் சதுரங்கம் பற்றி எழுதிக் குவித்தாராம். இன்றைக்கு நாம் நகர்த்துகிற காய்களின் வடிவத்துக்கே அவர் பெயர்தானாம். சாப்பிட உட்கார்ந்தாலும் இதே புராணம்.

ஆனால் இவர் யாரோடும் ஆடி நான் பார்த்ததில்லை. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தானே வெள்ளை, தானே கறுப்பு. கீழே மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை பாய் வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்.

"அண்ணே, ஒரே ஒரு ஆட்டம் போடுவோமா?"

"டூட்டி இருக்கு பாய்."

வெள்ளிக்கிழமை லீவு நாளில் என்ன டூட்டி? எல்லாம் பயம். காலேஜில் சாம்பியனாக இருந்தவராம், தோற்றால் அந்தப் பெயர் போய்விடுமாம். ஆசை வேறு கண்ணில் தெரியும். அதைப் பார்க்கத்தான் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

மகளுக்குக் கோட்டு மாட்டி, பஞ்சில் கிருதா ஒட்டி, வீட்டில் ஒத்திகை நடந்தது. துரையின் கதையில் மகளும் கேட்டிருந்த ஒரு இடத்தை மட்டும் இவர் தாண்டினார். அமெரிக்காவிலிருந்து ஒரு இளைஞன் துரையோடு ஆடவென்றே கடல் தாண்டி வந்தான். துரையோ புத்தக வேலை இருக்கிறது என்று நாளைக் கடத்திக் கடத்தி, கடைசிவரை அவனோடு மோதவே இல்லை.

"அது வேண்டாம்மா. நல்லதை மட்டும் சொல்லு."

"வொய் அப்பா? அவருக்கு பயமா?"

"பயமெல்லாம் இல்ல. வேலை."

நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மேடையில் ஏறியவள் பாரிஸ் வரைக்கும் ஜோராகச் சொன்னாள். அப்புறம் மறந்துவிட்டது. திருதிருவென்று விழித்தவள், ஞாபகத்துக்கு வந்த ஒன்றைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அமெரிக்கப் பையன் வந்தான், நான் ஆடவில்லை என்று இங்கிலீஷில் பொரிந்தாள்.

நடுவராக இருந்த டீச்சர் விடவில்லை. "வொய் டிட்ன்ட் யூ ப்ளே?"

"ஐ ஹேவ் டூட்டி" என்றாள். அதோடு நிறுத்தினாளா? "மை டாடி ஆல்ஸோ. எவ்ரி ஃப்ரைடே!"

அரங்கமே அதிர்ந்தது. எங்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாய் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் பக்கத்தில் இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. பரிசு வழக்கம்போல ஒரு நேருவுக்குப் போனது.

வீடு திரும்பியதும் இவரிடம் கேட்டேன்.

"குழந்தைமேல கோவமாங்க?"

"இல்ல. அது சரியாத்தானே சொல்லுச்சு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் கூப்பிடும் முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். நான் சமைத்து முடித்தும் வரவில்லை. என்ன ஆகுமோ என்று எனக்கு இருப்பே கொள்ளவில்லை. தோற்றுவிட்டு வந்தால் இந்த மனிதரை எப்படித் தேற்றுவது?

வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"தோத்துட்டேன்."

தட்டை எடுத்து வைத்தேன். இவர் சிரிக்க ஆரம்பித்தார். "செம அடி! ராணி போச்சு, அப்புறம் ஒண்ணுமே பண்ண முடியல. இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?"

ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மறுபடியும் படியிறங்கினார்.

"சோறு ஆறுதுங்க!" என்று கத்தினேன்.

"மூடி வை! பாய் காய் அடுக்கிட்டிருக்காரு."