பழப்புளி போட்டுத் துலக்கிய உரல்

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ரொறன்ரோவில் ஹங்கேரிக்காரரின் சங்க மண்டபத்துக்கு மேலே இரண்டு அறைகளில் ஒரு குட்டி அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்த பூத்தையல் துணிகள், மரக்கரண்டிகள், பூப்போட்ட பெட்டிகள். சனிக்கிழமைகளில் அங்கே தொண்டுக்குப் போய் நான் நொந்துபோனேன். பொறுப்பாளர் இலோனா ஒரு கரண்டிக்குக் குறிப்பு எழுத மூன்று கிழமை எடுப்பார். கரிபிடித்த சின்னப் பித்தளை உரலை மட்டும் துடைக்கவே மாட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவர் வருமுன்பே பழப்புளி போட்டு அதைப் பளபளவென்று துலக்கி வைத்தேன்.

வந்தவர் உரலைப் பார்த்ததும் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

"எங்கள் வீடு எரிந்தபோது மிஞ்சியது இது ஒன்றுதான். அந்தக் கரியைக் காட்டத்தான் வைத்திருந்தேன்" என்றார்.

ஏசவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன்.

"எங்கட வீடு எரிஞ்சு மிஞ்சின மூக்குப்பேணியையும் நீர்தானே இஞ்ச வந்த உடன மினுக்கினனீர்" என்றார் அவர்.

அலுமாரியைத் திறந்தேன். தண்ணீர் குடிக்கிற, மூக்கு வைத்த அந்தப் பித்தளைப் பேணி மின்னியது. நேற்றுக் கடையில் வாங்கியது என்றால் எவரும் நம்புவார்கள்.