செபாஸ்தியம்மாள் பெரிய டீச்சரான கதை

வேடசந்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த நடுநிலைப்பள்ளியில் செபாஸ்தியம்மாள் ஆசிரியையாகச் சேர்ந்தது தொண்ணூற்று மூன்றில். வீடு திண்டுக்கல்லில். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். அப்போது தலைமையாசிரியர் கண்ணுசாமி. ஊருக்கு அவர் ‘பெரிய சார்’.

அவருடைய மொபெட் சத்தம் தூரத்தில் கேட்டாலே பள்ளிக்கூடம் மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆடு மேய்க்கப் போன பிள்ளையைக் காட்டுக்கே போய்க் காதைப் பிடித்து இழுத்து வருவார். பிள்ளையை அனுப்பாத தகப்பனை டீக்கடை முன்னால் நிறுத்தி, நாலு பேர் பார்க்க மானம் போகிற மாதிரிப் பேசுவார். வாத்தியார்கள் யாரும் தாமதமாக வந்ததில்லை. அவரிடம் யாரும் சிரித்துப் பேசியதும் இல்லை.

ஒருநாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த சிறுமி நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டாள். செபாஸ்தியம்மாள் துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள். சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

“சார், பிள்ளைக ரொம்பப் பயப்படுதுக.”

“பயப்படணும்மா. இந்த ஊர்ல பயம் போச்சுன்னா பள்ளிக்கூடமும் போச்சு.”

இந்த மனுசன் எப்போது போவார் என்று அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள்.

அவர் ஓய்வுபெற்றதும் தலைமையாசிரியையாகக் கமர்ஜஹான் வந்தார். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷி. மணியடிக்கும் நேரத்தை மாற்றுவதென்றாலும் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “நீ என்னம்மா சொல்ற?” என்று ஒவ்வொருவராகக் கேட்பார். செபாஸ்தியம்மாளுக்கு வானத்தில் மிதப்பது போல இருந்தது. பிள்ளைகள் டீச்சர்களின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

ஆனால் பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கட்டும் இடத்தைப் பற்றிப் பேசியே ஒரு வருசம் ஓடியது. கடைசியில் கட்டவே இல்லை. வாத்தியார்கள் ஒவ்வொருவராகப் பத்து மணிக்கு வரத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் சுற்றுப்பக்கம் நூல் மில்கள் முளைத்தன. மில்லுக்கு ஆள் பிடிக்கும் கருப்பணன், மூன்று வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, வெள்ளை வேட்டியில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எட்டாவது முடித்த பெண்பிள்ளைகளும், சில வீடுகளில் முடிக்காதவர்களும் மில் பஸ்ஸில் ஏறினார்கள். கமர்ஜஹான் பெற்றோர்களைக் கூட்டி அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பொறுமையாகக் கேட்டார். அவர்களும் மனம்விட்டு அழுதார்கள். மறுவாரமும் பஸ் வந்தது.

இரண்டாயிரத்து நாலில் அந்த நாற்காலி செபாஸ்தியம்மாளுக்கு வந்தது. முதல் நாள் கோவிலில் முழந்தாளிட்டு, அடிக்கவும் மாட்டேன், கைகட்டி உட்காரவும் மாட்டேன், எல்லாருக்கும் முன்னால் நானே இறங்கி வேலை செய்வேன் என்று வேண்டிக்கொண்டாள். சொன்னபடி செய்தாள். பள்ளி விட்டபிறகு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளின் வீட்டுப் படியேறினாள். தான் முன்னால் போனால் மற்ற வாத்தியார்கள் பின்னால் வருவார்கள் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. “எங்களுக்குக் கடைசி பஸ்ஸு போயிரும் டீச்சர்” என்றார்கள். அவளுக்கும் அதே பஸ்தான்.

அந்த வருசம் எட்டாவதில் அம்பிகா இருந்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய அம்மா கருப்பாயி காட்டுவேலைக்குப் போகிறவள், புருசன் இல்லை. கருப்பணன் வந்து பேசிவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டு செபாஸ்தியம்மாள் ஓடினாள். முதலில் கெஞ்சினாள். வேடசந்தூரில் ஹாஸ்டல் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள். கருப்பாயி தலையை மட்டும் ஆட்டினாள். அந்த ஆட்டத்தில் சம்மதம் இல்லை என்று புரிந்ததும் செபாஸ்தியம்மாளுக்குள் என்னவோ அறுந்தது.

“போலீஸைக் கூட்டியாருவேன். பெத்த பிள்ளைய விக்கிறியா நீ?” தெருவே வேடிக்கை பார்த்தது.

கருப்பாயி நிமிர்ந்து பார்த்தாள். “பெரிய சார் வைவாரு, அவருக்குப் பயந்து அனுப்புனோம். இப்ப நாங்க வேற ஒன்னுக்குல்ல பயந்து கெடக்கோம் டீச்சரம்மா. கல்யாணம்னு நகை கேட்டு வந்து நிப்பானுகளே, அன்னைக்கு நீங்க வருவீகளா?”

மறுநாள் அம்பிகா வரவில்லை.

செபாஸ்தியம்மாள் விசாரித்துக்கொண்டு மில்லுக்கே போனாள். மேனேஜர் நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து உபசரித்தார். “எல்லாம் எங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரி மேடம். கட்டாயமே கிடையாது” என்று சிரித்தார். அதட்டலே இல்லாத அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க அம்பிகா கூட்டி வரப்பட்டாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

“நல்லா இருக்கேன் டீச்சர்.” தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த கோடையில் தலைமையாசிரியர்களுக்குத் திண்டுக்கல்லில் பயிற்சி. அதட்டி நடத்துபவர், கலந்து பேசி நடத்துபவர், முன்மாதிரியாக நிற்பவர் என்று சார்ட்டில் எழுதி, எது சிறந்தது என்று குழுவாகப் பேசச் சொன்னார்கள். அறை கலகலத்தது. “நீங்க சொல்லுங்க மேடம்” என்று பயிற்சியாளர் அவள் பக்கம் திரும்பினார். மூன்றையும் பார்த்தாயிற்று, நானே அதட்டியும் பார்த்தேன், எதற்கும் மில் பஸ் நிற்கவில்லை என்று வாய்வரை வந்தது. “கலந்து பேசுறதுதான் சார்” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

தீபாவளிக்கு முன்னால் அம்பிகாவை மில்லிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருமல் நிற்கவில்லை. எலும்பும் தோலுமாக வந்தவளிடம் செபாஸ்தியம்மாள் புத்தகங்களோடு போனாள். எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதலாம், நான் இருக்கிறேன் என்றாள். அம்பிகா சுவரில் சாய்ந்தபடி பக்கத்தைப் புரட்டிவிட்டு மூடினாள்.

“செத்த நேரம் பாத்தாலே எழுத்தெல்லாம் கலங்குது டீச்சர். நீங்க போங்க, இருட்டிரும்.”

செபாஸ்தியம்மாள் அந்த மாதமே தலைமைப் பொறுப்பு வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, அதே பள்ளியில் பழையபடி ஆசிரியையானாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. புதிதாக வந்தவர் இளைஞர், ஊரோடு ஒத்துப் போகத் தெரிந்தவர். ஒரு மத்தியானம் அவர் அறைக்குள் கருப்பணன் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலைக் கடந்தவளைப் பார்த்து, “சௌக்கியமா டீச்சர்?” என்று எழுந்து கும்பிட்டார். அவளும் கும்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். பெண்கள் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர்களை உட்காரச் சொல்லாமல், மில் பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.