மூன்றாம் கேட்டின் சாவி

பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால், புனேவில் எங்கள் தமிழர்கள் நடத்தும் கிரிக்கெட் போட்டிக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கூட்டம் எங்கே நெரியும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று பதினோரு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரி: "மூன்றாம் கேட் பூட்டியிருக்கும். சாவி காவலரிடம்."

காவலர் ஒரு பெண். புனேவை ஒட்டிய சிஞ்ச்வட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

இறுதிப் போட்டியன்று காலை, சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"நீ உன் சொந்தக்காரங்களை எல்லாம் உள்ளே விட்டுடுவே."

"என் சொந்தக்காரங்களுக்கு கிரிக்கெட் பார்க்க ஏது சார் டைம்?" என்று சிரித்தார். "மழை வந்தா பப்ளிக் பூரா இந்தப் பக்கம்தான் ஓடியாரும். குடுத்துட்டுப் போங்க சார். தாலி மாதிரி கழுத்துலயே போட்டுக்கறேன்."

நான் கொடுக்கவில்லை. திட்டத்தில் இருந்த அந்த வரியையும் மாற்றவில்லை.

மாலை நான்கு மணிக்கு மே மாத மழை பிடித்துக்கொண்டது. காற்றில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்ததும், கூட்டம் மூன்றாம் கேட்டை நோக்கி ஓடியது. நான் மைதானத்தின் மறுகோடியில், மேடையில், சிறப்பு விருந்தினருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ இரும்புக் குழாயால் பூட்டை உடைத்திருந்தார்கள். கம்பியோடு நசுங்கிய ஓர் இளம்பெண்ணுக்குக் கழுத்தெலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் கமிட்டி கூடியது. செயலாளர் என் திட்டத்தைப் புரட்டி அந்த வரியை உரக்கப் படித்தார். காவலரைப் பார்த்து, "சாவி எங்கேம்மா?" என்றார். காவலர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவரை அனுப்பியிருந்த செக்யூரிட்டி ஏஜென்சி அன்றே அவரை நீக்கியது.

எலும்பு முறிந்த பெண் தேறிவிட்டார். காவலருக்குத்தான் அதன்பின் எந்த ஏஜென்சியும் வேலை தரவில்லை. இதைக் கேள்விப்பட்டும் எட்டு மாதம் சும்மா இருந்தேன். பிறகு ஒருநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன்.

"சாவி என்கிட்டதான் இருந்தது," என்றேன்.

"தெரியும் சார். மீட்டிங்ல உங்க கை பாக்கெட்லயே இருந்துச்சே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"பிளான்ல வேற மாதிரி எழுதி வெச்சிருந்தீங்க. காகிதத்துக்கு முன்னால நான் சொன்னா யார் நம்புவா?" பிறகு, "இப்ப எழுதிக் குடுப்பீங்களா?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இந்தியில் எழுதிக் கையெழுத்திட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். 'சாவி என் பாக்கெட்டில் இருந்தது' என்ற இடத்தை வேகமாகப் படித்துக் கடந்தேன். "இன்னொரு வாட்டி படிங்க," என்றார். படித்தேன்.

இருவரும் ஆட்டோவில் ஏஜென்சிக்குப் போனோம். சூப்பர்வைசர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். அந்த வேலைக்கு எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்துத் தணிந்த குரலில், அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இந்தியில் கேட்டார்.

வெளியே வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன். அவர் ஏறவில்லை.

"நான் நடந்தே போயிக்கறேன், சார்."